பூச்சு

கச்சான் தொடங்கிப் பதினோராம் நாள்
மகளின் கன்னத்தில் அந்தக் கோட்டைக் கண்டேன்.
வேறொன்றும் நினைவில் வரவில்லை,
மேற்குப் பார்த்த சுவர்தான் வந்தது:
காலையில் பூசி,
தண்ணி தெளிக்க மறந்து,
பின்னேரத்துக்குள் மயிர்வெடிப்பு விழுந்த சுவர்.

ஏழு மாதம். பெயர் மிதுரா.
உச்சந்தலையில் மஞ்சள் பொருக்கு,
மீன் செதிள்போல ஒன்றின்மேல் ஒன்று.
முழங்கால் மடிப்பில் சிவப்பு.
இரவெல்லாம் காதோரம் தேய்த்துத் தேய்த்து
ஏணைச் சீலையில் பழுப்புப் புள்ளிகள்.

கரப்பன் என்றாள் பக்கத்து வளவுக்காரி.
பால் சேரல்ல கா என்றாள் அவளின் தங்கை.
வேம்பு அவித்தோம். சந்தனம் உரைத்தோம்.
கடைக்காரன் தந்த பவுடரைக் கொட்டினோம்,
மா பிரட்டிய மீனாய்க் கிடந்தாள்.
மூன்று நேரம் சுடுதண்ணி,
மூன்று நேரம் சவர்க்காரம்.
கழுவக் கழுவ
தம்பிலுவில் கடற்கரைபோலக் கரகரத்தாள்.

வியாழன் கிளினிக்.
சுகிர்தாவுக்குக் காய்ச்சல், நான் கொண்டுபோனேன்.
வாங்குகளில் இருபத்திமூன்று தாய்மார்,
ஒரு மேசன்.
புள்ளயின் அட்டையைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தேன்.

ஜெயரஞ்சினி மிஸி கண்ணாடியை மேலே தள்ளினா.
"தலையில இருக்கிறது அழுக்கில்ல தம்பி,
தானாப் போற சாமான்.
நகத்தால சுரண்டாதீங்க.
எண்ணெய் வச்சு ஊற விட்டு
மெல்லிய பிரஷால தடவுங்க, அவ்வளவுதான்."
முழங்கால் மடிப்பை விரித்துப் பார்த்தா.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இது வேற. காய்ஞ்ச தோல்.
இவவுக்கு ஈரம் நிக்காது, ஓடிப்போயிரும்.
இளஞ்சூட்டுத் தண்ணி, அஞ்சு நிமிஷம் போதும்.
துடைக்காதீங்க, ஒத்துங்க.
பவுடரை விட்டுருங்க.
வாசம் இல்லாத களிம்பா வாங்கி
ஈரம் போறதுக்குள்ள பூசுங்க.
தொட்டுக்காட்டாதீங்க, அள்ளிப் பூசுங்க."

ஈரம் போறதுக்குள்ள.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
பதினாறு வயதிலிருந்து
கொங்கிறீட் தட்டுக்கு நனைத்த சாக்கு விரிக்கிறவன்.
நடுச்சாமத்தில் எழும்பி
யாரோ ஒருவனின் சுவருக்குத் தண்ணி ஊற்ற
விநாயகபுரம்வரை சைக்கிள் மிதித்தவன்.
என் வீட்டில் வெடித்ததைத்தான்
காய விட்டிருக்கிறேன்.

"மஞ்சள் தண்ணி கசிஞ்சா, உடம்பு சுட்டா
என்னைத் தேடாதீங்க. நேரே ஆஸ்பத்திரி."
எழுதினா. மறுகா நிமிர்ந்தா.
"உங்கட கையைக் காட்டுங்க."

சீமெந்து தின்ற கை.
விரல் மடிப்பெல்லாம் வாய் பிளந்து
பெருவிரல் நுனியில் காய்ந்த இரத்தம்.
சட்டையில் பட்டால் நூல் இழுபடும்,
படத்தில் பட்டால் கோடு விழும்.
தூக்கும்போதெல்லாம் அவள் வீறிட்டது
என்னைப் பிடிக்காமல் என்றிருந்தேன்.
ஒரு நாள் சுகிர்தாவிடம் சொல்லியும் விட்டேன்,
இவள் உன் புள்ள, நீயே வைத்திரு.

மிஸி சிரிக்கவில்லை, ஏசவுமில்லை.
"ரெண்டு டப்பா வாங்குங்க" என்றா.

இப்போது வேலை விட்டு வந்தால்
கை கழுவி, முதலில் எனக்கு.
பிறகு குளிக்க வார்த்து
மடியில் துவாய் விரித்து அவளுக்கு.
மேலிருந்து கீழ், ஒரே பக்கமாய், அழுத்தாமல்.
மட்டப்பலகைக்கும் இதே கணக்குத்தான்.
நகம் வெட்டுவது சுகிர்தா,
அவள் தூங்கும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கச்சான் இன்னும் விடவில்லை.
கையுறையைக் கண்டால் கொந்துராத்துக்காரன் சிரிக்கிறான்,
கலியாண மாப்பிள்ளையாம்.
கன்னம் ஆறிவிட்டது.
மடிப்பு ஆறி, மறுபடி கிளம்பி, மறுபடி ஆறுகிறது.
போகும், வரும் என்று மிஸி முன்னமே சொன்னாதான்.

நேற்று ஏணையிலிருந்து தூக்கினேன்.
சட்டையில் ஒரு நூலும் இழுபடவில்லை.
அழத்தான் செய்தாள்.

பசி.